ஒரே சிலம்பு, இரண்டு வாதங்கள்

மெரினாவில் நிற்கும் கண்ணகி சிலையை நினைத்துப் பாருங்கள். கையில் ஒற்றைச் சிலம்பு, நீட்டிய கை, விரித்த கூந்தல். 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்த சிலை. 2001 டிசம்பரில் எடுத்தார்கள், 2006 இல் திரும்ப வைத்தார்கள். அந்தச் சண்டை இந்தப் பதிவுக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது அந்தத் தோரணை மட்டும்தான். நீளமான வசனம் ஒன்றை அப்போதுதான் பேசி முடித்த தோரணை அது. 1942 இல் வந்த 'கண்ணகி' படத்தில் இளங்கோவன் எழுதிய வசனமும், 1964 இல் வந்த 'பூம்புகார்' படத்தில் கலைஞர் எழுதிய வசனமும் சேர்ந்து நம் தலைக்குள் அப்படி ஒரு கண்ணகியை உட்கார வைத்துவிட்டன. பாண்டியன் சபையில் அனல் பறக்கப் பேசுகிறவள்.

மூல நூலைத் திறந்து எண்ணிப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. வழக்குரை காதையில் தான் யார், எதற்கு வந்தேன் என்று அவள் சொல்லும் பேச்சு சுமார் பதினாலு அடி. அதற்கப்புறம் சிலம்பைப் பற்றி ஒரு வரி. அவ்வளவுதான் வழக்கு.

அதே நூலில், நாலு காதைக்கு முன்னால், கொலைக்களக் காதையில் இன்னொருவன் பேசுகிறான். பொற்கொல்லன். அவன் பேச்சு முப்பத்தைந்து அடிக்கு மேல் போகிறது. மேற்கோள் இருக்கிறது, வகைப்பாடு இருக்கிறது, கிளுகிளுப்பான ஒரு கதை இருக்கிறது, கடைசியில் கேட்பவர்களுக்கு ஒரு சவாலும் இருக்கிறது. பேச்சுக்கலை வகுப்பில் பாடமாக வைக்கலாம், அப்படி ஒரு பேச்சு.

பேசி மனசை மாற்றும் திறமை முழுவதையும் இளங்கோவடிகள் பொய் சொல்கிறவனுக்குக் கொடுத்திருக்கிறார் என்பதுதான் இந்தக் குறிப்பில் நான் சொல்ல வருவது. நிஜம் சொல்கிறவளுக்கு அவர் கொடுத்தது வேறு ஒன்று.

போடிக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு: எங்கள் பக்கத்து மலைதான் கண்ணகி போய்ச் சேர்ந்த மலை என்பது இந்தப் பள்ளத்தாக்கின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு நூலிலும் ஆதாரம் உண்டு. மதுரையை எரித்த பிறகு அவள் மேற்கு வாசல் வழியாக வெளியேறுகிறாள். வையைக் கரையைப் பிடித்துக்கொண்டே நடக்கிறாள். ஒரு மலையில் ஏறி வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். மதுரையிலிருந்து வைகையை எதிர்த்து மேற்கே நடந்தால் எங்கே வருவீர்கள்? ஆண்டிபட்டி, தேனி. அதற்கு மேல் சுவர் மாதிரி நிற்பது ஏலமலைத் தொடர். போடியிலிருந்து தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம் வழியாகக் கூடலூர் போனால், மேலே 1,300 மீட்டருக்கு மேல் உயரத்தில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி அன்று ஒரு நாள்தான் விடுவார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் பளியங்குடியிலிருந்து நடை, கேரளப் பக்கம் குமுளியிலிருந்து ஜீப். 1963 இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் இதுதான் சிலப்பதிகாரம் சொல்லும் இடம் என்று அடையாளம் காட்டினார். திருச்செங்கோடு என்று சொல்பவர்களும் உண்டு. ஆற்றின் திசையைப் பார்த்தால் என் ஓட்டு எங்கள் மலைக்குத்தான். அதில் ஊர்ப்பாசம் கொஞ்சம் கலந்திருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது பொற்கொல்லனிடம் போவோம்.

கோவலன் விற்க வந்த சிலம்பைப் பார்த்ததுமே அவனுக்குப் பொறி தட்டுகிறது. ஏனென்றால் கோப்பெருந்தேவியின் சிலம்பைத் திருடியவனே அவன்தான். வெளி வேலைப்பாடு ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறது. நேரே அரண்மனைக்கு ஓடுகிறான். ராணி ஊடலில் இருக்கிறாள், ராஜா சமாதானம் செய்யப் போய்க்கொண்டிருக்கிறான். நடைவழியில் பிடித்துச் சொல்கிறான்: கன்னக்கோல் இல்லாமல், வேறு கருவியும் இல்லாமல், மந்திரத்தால் காவலரைத் தூங்க வைத்து அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் இப்போது என் குடிசையில் இருக்கிறான்.

அந்த ஒரு வாக்கியத்தைக் கவனியுங்கள். பிடிபட்டவனிடம் திருட்டுக் கருவி எதுவும் இருக்காது என்பது பொற்கொல்லனுக்குத் தெரியும். 'ஆயுதம் எங்கே' என்ற கேள்வி வரும் முன்பே பதிலை வைத்துவிட்டான். கருவி இல்லாததே மந்திரம் இருப்பதற்குச் சாட்சி. எங்கள் தொழிலில் இப்படி ஒரு வகை ஆள் உண்டு. லாக்கில் எதுவும் பதிவாகவில்லையே என்று கேட்டால், 'அதுதான் சார், லாக்கே எழுத விடாத அளவுக்குப் பெரிய பிரச்சினை' என்பார். அதற்கு மேல் அவரிடம் எதைக் காட்டியும் நிரூபிக்க முடியாது.

ராஜா அவசரத்தில் இருக்கிறான். விசாரிக்கவில்லை. காவலர்களைக் கூப்பிட்டு, அவன் கையில் சிலம்பு இருந்தால் கொன்றுவிட்டுக் கொண்டுவாருங்கள் என்கிறான். இங்கே ஒரு பழைய விளக்கம் உண்டு. 'கொல்ல' என்று சொல்ல வந்தவன், விதி நாக்கைப் புரட்டியதால் 'கொன்று' என்று சொல்லிவிட்டான் என்பார்கள். அதாவது, 'கொல்வதற்காக அவனைக் கொண்டுவாருங்கள்' என்பது 'கொன்றுவிட்டுச் சிலம்பைக் கொண்டுவாருங்கள்' என்று ஆகிவிட்டது. வினையெச்சம் ஒன்று மாறியதில் ஒரு உயிர் போனது என்பது இலக்கணம் படித்தவர்களுக்குப் பிடித்த விளக்கம்தான். ராஜாவைக் காப்பாற்றச் சொன்ன சமாதானம் என்றே எனக்குப் படுகிறது. விசாரிக்காமல் விட்டதற்கு எந்த எச்சமும் பொறுப்பில்லை.

காவலர்கள் வருகிறார்கள். இந்த இடம்தான் எனக்கு முக்கியம். அவர்கள் உடனே வாளை உருவவில்லை. கோவலனைப் பார்க்கிறார்கள், இவன் லட்சணத்தைப் பார்த்தால் கொலைக்குரிய ஆளாகத் தெரியவில்லையே என்கிறார்கள். இந்தச் சந்தேகம் அப்படியே நின்றிருந்தால் கதையே இல்லை. பொற்கொல்லன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு அந்தச் சந்தேகத்தைப் படிப்படியாகக் கரைக்கிறான்.

முதல் படி, நூல் ஞானம். திருடர்களுக்கு உதவுபவை எட்டு என்று ஆரம்பிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. பட்டியல் போட்டுப் பேசுகிறவனை நம்ப நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. எட்டு என்று எண் சொல்லிவிட்டால் யாரோ உட்கார்ந்து ஆராய்ந்திருப்பார்கள் என்று தோன்றிவிடும். பவர்பாயிண்ட் காலத்துக்கு வெகு முன்பே இளங்கோவுக்கு இது தெரிந்திருக்கிறது.

இரண்டாம் படி, ஒவ்வொன்றுக்கும் விளக்கம். மந்திரம் சொன்னால் தேவர்களைப் போலக் கண்ணுக்குத் தெரியாமல் மறைவார்கள். மருந்து வைத்தால் நீங்கள் நின்ற இடத்தில் மயங்குவீர்கள். இவர்கள் நினைத்தால் இந்திரன் மார்பில் கிடக்கும் ஆரத்தைக்கூட எடுப்பார்கள். பகல், இரவு என்று கணக்கே இவர்களுக்குக் கிடையாது. மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தால் இதுதான் வருகிறது: திருடன் மாதிரி இருப்பவன் திருடன், திருடன் மாதிரி இல்லாதவன் பெரிய திருடன். கோவலனின் நல்ல முகம், காவலர்கள் அவனுக்குச் சாதகமாக எடுத்த அதே முகம், இப்போது அவனுக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது.

மூன்றாம் படி, கதை. பகலில் தூதன் வேஷத்தில் வாசலில் இருந்து, இரவில் பெண் வேஷத்தில் உள்ளே போய், விளக்கு நிழலில் பதுங்கி, தூங்கிக்கொண்டிருந்த இளவரசன் மார்பிலிருந்து வயிர மாலையை எடுத்தானாம் ஒருவன். இளவரசன் விழித்து வாளை உருவினால், திருடன் வாளுறையைப் பிடித்துக்கொண்டு குத்துகளை எல்லாம் அந்த உறைக்குள்ளேயே வாங்கினானாம். மல்லுக்கு நின்றபோது தூணைக் காட்டி ஏமாற்றிவிட்டு மறைந்தானாம். அவனைப் பார்த்தவர் யாராவது உண்டா, இருந்தால் காட்டுங்கள் என்று கேட்டு முடிக்கிறான். நடந்ததா இல்லையா என்று சரிபார்க்க வழியே இல்லாத கதை. யாரும் பார்க்கவில்லை என்பதே கதையின் சாரம்.

நாலாம் படியை அவன் செய்யவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் செய்கிறான். வேல் பிடித்த இளைஞன் ஒருவன் தன் அனுபவத்தை எடுத்துவிடுகிறான். மழைக்கால நடுராத்திரி, ஊரே தூங்குகிறது, நீல உடையில் கையில் உளியோடு ஒருவன் வந்தான், நான் வாளை உருவினேன், அவன் அதையே பிடுங்கிக்கொண்டு போனான், எங்கே தேடியும் ஆளைக் காணவில்லை. சொல்லிவிட்டு, இப்போது என்ன செய்வது என்று சொல்லுங்கள் என்கிறான்.

பேச்சின் வெற்றியை அளக்க இதைவிடச் சரியான இடம் உலக நாடகங்களில் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. எதிராளி தலையாட்டினால் அரை வெற்றிதான். அவன் தன் சொந்த ஞாபகத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து நம் பொய்க்கு முட்டுக்கொடுத்தால் அதுதான் முழு வெற்றி. அந்த இளைஞனின் கதை நிஜமாகவே இருக்கலாம். மழை ராத்திரியில் யாரோ அவன் வாளைப் பிடுங்கியிருக்கலாம். அதற்கும் கோவலனுக்கும் என்ன சம்பந்தம்? யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குள் குடித்திருந்த படிப்பறிவில்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இது முழுக்க நடக்கும்போது சிலம்பு எங்கே இருந்தது? அங்கேயே, அவர்கள் கண் முன்னால். பொற்கொல்லன் அதைக் காட்டித்தான் பேசுகிறான். அதன் உள்ளே என்ன பரல் இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ராணியிடம் ஆள் அனுப்பி 'உங்கள் சிலம்பில் என்ன பரல்' என்று கேட்டிருந்தால் கால் நாழிகையில் வழக்கு முடிந்திருக்கும். பரல் என்பது சிலம்புக்குள் கிடந்து சத்தம் கொடுக்கும் சின்ன மணிகள். எல்லாருக்கும் காதில் விழுகிற ஒன்று. யாரும் கண்ணால் பார்க்காத ஒன்றும் அதுதான்.

எங்கள் ஊரில் ஏலக்காய் ஏலம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். (காய்க்கும் ஏலம், கூவி விற்பதற்கும் ஏலம். செடியின் பேர் நம்முடையது, விற்பனையின் பேர் போர்ச்சுக்கீசியர் கொடுத்தது. போடியில் இரண்டும் சேர்ந்துவிட்டன.) இப்போது கணினி வழி ஏலம்தான், ஆனாலும் ஒவ்வொரு லாட்டுக்கும் சாம்பிள் வரும். வியாபாரி நிறத்தைப் பார்ப்பார், எத்தனை மில்லிமீட்டர் என்று பருமனைப் பார்ப்பார், லிட்டர் எடை கேட்பார். ஒரு லிட்டர் அளவுக்குக் கொட்டினால் எத்தனை கிராம் நிற்கிறது என்பதில்தான் உள்ளே விதை நிறைந்திருக்கிறதா, வெறும் தோலா என்பது தெரியும். அப்புறம் ஒரு காயை நகத்தால் பிரிப்பார். விற்பவர் எவ்வளவு பேசினாலும் அந்த நகம் நிற்காது.

கண்ணகி செய்தது அந்த நகத்தின் வேலை. ஆனால் அந்த இடத்துக்கு அவள் ஒரே தாவலில் வரவில்லை. மூன்று இடங்களில் மூன்று விதமாகப் பேசுகிறாள். செய்தி கேட்டதும் சூரியனைக் கேட்கிறாள், என் கணவன் கள்வனா என்று. இல்லை என்று வானிலிருந்து பதில் வருகிறது. பிறகு தெருவில் ஒற்றைச் சிலம்போடு நடந்துகொண்டே ஊரைக் கேட்கிறாள். இந்த ஊரில் பெண்கள் இருக்கிறார்களா, சான்றோர் இருக்கிறார்களா, தெய்வம் இருக்கிறதா என்று திரும்பத் திரும்ப ஒரே அச்சில் கேள்விகள். அது கூட்டத்தை உலுக்கும் பேச்சு. ஒப்பாரியின் கட்டுமானம் அதில் அப்படியே இருக்கிறது. ஊர் அழுகிறது, கலங்குகிறது. அந்தக் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு அவள் அரண்மனையைத் தாக்கப் போயிருக்கலாம். போகவில்லை. வாசலில் நின்று காவலனிடம் சொல்லி அனுப்புகிறாள்.

அந்த வாயில் காவலன் பேச்சும் ரசிக்க வேண்டியது. வந்திருப்பவள் கொற்றவை அல்லள், காளி அல்லள் என்று ஒவ்வொரு தெய்வமாக 'அல்லள், அல்லள்' என்றே அடுக்குகிறான். கேட்கிற ராஜாவின் மனசில் அத்தனை உக்கிர உருவங்களும் வந்து நின்றுவிடுகின்றன. இல்லை என்று சொல்லியே இருக்க வைப்பது. ராணி கெட்ட கனவு கண்டு சொன்ன கையோடு இதைக் கேட்கிறான் பாண்டியன். கண்ணகி உள்ளே வருவதற்குள் பாதி பயம் வந்துவிட்டது.

சபையில் ராஜா கேட்பது ஒரே கேள்வி. அழுதுகொண்டு வந்து நிற்கும் நீ யார்? அதற்கு அவள் சொல்லும் பதில் மொத்தமும் ஒரே வாக்கியம். முதலில் அவன் ஆராயாமல் தீர்ப்பளித்தவன் என்று விளிக்கிறாள். அப்புறம் முன்னுதாரணம் இரண்டு: புறாவுக்காகத் தன்னைக் கொடுத்த சிபி, பசுவின் துயரத்துக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழன். அவர்கள் ஆண்ட புகார் என் ஊர். அங்கே பேர்பெற்ற மாசாத்துவான் மகன், பிழைக்க உன் ஊருக்கு வந்தவன், என் சிலம்பை விற்க வந்து உன்னால் கொலையுண்டவன், கோவலன். அவன் மனைவி நான். கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில்தான் அவள் பேர் வருகிறது.

தமிழ் வாக்கியம் முக்கியமானதைக் கடைசிக்குத் தள்ளி வைக்கும் தன்மை உடையது. இளங்கோ அந்தத் தன்மையை வழக்காடப் பயன்படுத்திவிட்டார். 'யார் நீ' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க, ராஜா அந்தக் குற்றச்சாட்டு முழுவதையும் கேட்டே ஆக வேண்டும். நடுவில் குறுக்கிட இடமே இல்லை, வாக்கியம் இன்னும் முடியவில்லையே. சிபியையும் சோழனையும் கொண்டுவந்ததும் அலங்காரத்துக்கு இல்லை. நீதி என்றால் என்ன அளவு என்று அளவுகோலை முதலில் மேஜையில் வைத்துவிட்டு, அப்புறம்தான் இவன் செயலை வைக்கிறாள்.

ராஜா அசரவில்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் இல்லை, அதுதான் அரசமுறை என்கிறான். பேச்சாகப் பார்த்தால் சரியான பதில். கண்ணகியின் பேச்சுத்திறம் இங்கே வேலை செய்யவில்லை என்பதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். சிபி கதை கேட்டு அவன் மனம் மாறவில்லை. அவளும் அதற்குமேல் கதை சொல்லவில்லை. என் சிலம்பில் மாணிக்கப் பரல் என்கிறாள். நல்லது, எங்கள் சிலம்பில் முத்துப் பரல் என்கிறான் ராஜா. கொண்டுவரச் சொல்லித் தன் கையாலேயே முன்னால் வைக்கிறான். உடைக்கிறாள். மணி தெறிக்கிறது.

வரிசையைப் பாருங்கள். உடைப்பதற்கு முன்பே இரண்டு தரப்பும் வாயால் சொல்லிவிட்டார்கள். உடைத்த பிறகு 'எங்களுடையதிலும் மாணிக்கம்தான்' என்று பேச்சை மாற்ற வழியில்லை. எதிர்பார்க்கும் விடையை முதலில் எழுதி வைத்துவிட்டு அப்புறம்தான் நிரலை ஓட்ட வேண்டும் என்று புதிதாகச் சேரும் பையன்களுக்கு நாங்கள் சொல்வது இதையேதான். இங்கே ராஜாவுக்கும் ஒரு மரியாதை செய்ய வேண்டும். அவள் முதலில் சொல்லிவிட்டாள், சிலம்பு அவன் காவலில் இருக்கிறது. அவனும் மாணிக்கம் என்றே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முத்து என்று நிஜத்தைச் சொன்னான். பொற்கொல்லன் இருந்த இடத்தில் அப்படிச் சொல்ல ஆளில்லை. நடுவர் நிஜம் சொல்கிறவராக இல்லாவிட்டால் எந்தச் சோதனையும் பயன்படாது.

விழும்போது பாண்டியன் சொல்வதும் கவனிக்கத்தக்கது. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட நானா அரசன், நானே கள்வன் என்கிறான். கொன்றதைச் சொல்லவில்லை, கேட்டதைச் சொல்கிறான். தன் குற்றம் காதில் நடந்தது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

இதோடு வைத்துப் பார்க்க ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நல்ல ஜோடி. 1599 வாக்கில் மேடையேறியது. அதில் ஆண்டனியின் பிணப்பேச்சு உலகப் புகழ். அவனும் ஒரு பொருளைக் காட்டித்தான் பேசுகிறான்: சீசரின் கிழிந்த மேலாடை. எந்த ஓட்டை எந்தச் சதிகாரன் குத்தியது என்று விரல் வைத்துச் சொல்கிறான். குத்தும்போது அவன் அந்த இடத்திலேயே இல்லை! கூட்டத்துக்கு அதெல்லாம் கவலையில்லை. கிளம்புகிறது. அடுத்த காட்சியில் வழியில் அகப்படுவது சின்னா என்ற கவிஞன். சதிகாரர்களில் ஒருவன் பேரும் சின்னா. நான் அவன் இல்லை, கவிஞன் என்று கத்துகிறான். பேர் ஒன்றாக இருக்கிறதே, அது போதும். கிழித்துப் போடுகிறார்கள். வெளியே ஒன்றாக இருப்பதால் உள்ளேயும் ஒன்று என்று முடிவு கட்டும் அதே கணக்கு. சிலம்புக்கு நேர்ந்தது அங்கே பேருக்கு நேர்கிறது.

பழங்காலத்து விஷயம் என்று ஒதுக்கவும் முடியாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தைக் குழந்தை கடத்தும் கும்பல் என்று ஊர் கூடி அடித்தது. அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் செத்துப்போனார். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. அந்த மாதங்களில் என் வாட்ஸாப் குழுக்களில் வந்த செய்திகளைப் பொற்கொல்லன் பேச்சோடு வைத்துப் பார்த்தேன். 'பார்த்தால் தெரியாது, நல்லவர் மாதிரிதான் இருப்பார்கள்', 'பல வேஷத்தில் வருவார்கள்', அப்புறம் கீழே யாராவது ஒருவர், 'எங்க ஏரியாலயும் போன வாரம் ஒருத்தன் சுத்துனான்'. எட்டு வகைத் துணை மட்டும்தான் இல்லை.

மேடைக்கு வந்தபோது இந்த வழக்கு என்ன ஆனது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்களில் கோவலன் கதையும் உண்டு. மதுரை, தேனி பக்கத்துத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவர் பேர் தெரியாமல் இருக்காது. அந்த மரபில் தர்க்கம்தான் உயிர். வள்ளி திருமணத்தில் வள்ளியும் நாரதரும் விடிய விடியத் தர்க்கம் பண்ணுவார்கள், சனம் கை தட்டும். அங்கே எதிர்ப்பேச்சு நீள நீளத்தான் நடிகருக்குப் பேர். அப்படிப்பட்ட மேடையில் பதினாலு அடியில் வழக்கை முடித்தால் ஜனம் விடுமா? கண்ணகியின் பேச்சு நீண்டது நியாயம்தான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அந்த நீளத்தில் பரலைப் பற்றிய அந்த ஒற்றை வரி சன்னமாகிப்போனது என்பதுதான் குறை.

இலங்கையின் மட்டக்களப்புப் பக்கம் இது வேறு திசையில் போயிருக்கிறது. அங்கே கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது 'கண்ணகி வழக்குரை' என்றே ஒரு காவியத்தைப் பாடுகிறார்கள். பாடி முடித்துக் கடைசியில் குளிர்த்தி, அம்மனைக் குளிர்விக்கும் பாட்டு. ஒரு நீதிமன்ற வாதத்தின் பேரையே தலைப்பாகக் கொண்ட பாட்டு கோயிலில் சடங்காகிவிட்டது. வழக்கில் ஜெயித்தவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது என்பதையும் அந்த மக்கள் மறக்கவில்லை.

எங்கள் மலைக்குத் திரும்புகிறேன். நூலின் மூன்றாம் பகுதியான வஞ்சிக் காண்டம் மலைக்குறவர்களோடு தொடங்குகிறது. வேங்கை மரத்தடியில் ஒரு மார்பை இழந்த பெண் ஒருத்தி நின்றாள், தேவர்கள் வந்தார்கள், கணவனைக் காட்டி அழைத்துப் போனார்கள். பார்த்ததைப் போய்ச் சேரன் செங்குட்டுவனிடம் சொல்கிறார்கள். அவள் யார், எந்த ஊர், எங்களுக்குத் தெரியாது என்றும் சேர்த்தே சொல்கிறார்கள். பார்த்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு. மதுரையில் நடந்ததை அங்கிருந்த சாத்தனார் சொல்லி நிரப்புகிறார். பொற்கொல்லன் பார்க்காததை எல்லாம் பார்த்தவன் போலச் சொன்ன நூலில், பார்த்ததை மட்டும் சொன்னவர்கள் இந்த மலைக்காரர்கள். செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்தது இவர்கள் பேச்சில் தொடங்கிய காரியம்.

ஆனால் இந்த நூல் எனக்கு முழுசாகச் சமாதானம் தருவதில்லை. பரல் தெறித்ததோடு கணக்கு முடியவில்லை. வஞ்சின மாலையில் கண்ணகி புகாரின் பத்தினிப் பெண்கள் கதைகளை வரிசையாகச் சொல்கிறாள், அப்புறம் ஊரை எரிக்கிறாள். பார்ப்பனர், பசு, பத்தினி, முதியோர், குழந்தைகளை விட்டுவிட்டுத் தீயவரை மட்டும் பிடி என்று தீக்கு ஆணை போகிறது. அந்தப் பிரித்தெடுப்பையாவது ஒரு எச்சரிக்கை என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு அப்புறம் நடந்ததை வைத்துக்கொள்ள முடியவில்லை. பாண்டிய நாட்டில் மழை இல்லை, நோய் பரவுகிறது. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகியைச் சாந்தப்படுத்த ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொன்று வேள்வி செய்கிறான். மழை பெய்கிறது, நோய் தீர்கிறது. நூல் இதைக் குறை சொல்லவில்லை. ஒரு சிலம்புக்கும் இன்னொரு சிலம்புக்கும் வித்தியாசம் காட்ட உடைத்தே பார்த்த கதை அது. ஒரு பொற்கொல்லனுக்கும் மற்ற ஆயிரம் பேருக்கும் நடுவே அப்படி எதையும் திறந்து பார்க்கவில்லை. அவர்களில் ஒருவன் பேரும் நமக்குத் தெரியாது. தொழில் ஒன்று, அது போதும் என்று ஆகிவிட்டது. சின்னாவின் கதைதான், ஆயிரம் மடங்கு.

நீர்ப்படைக் காதையிலும் இந்தச் செய்தி வருகிறது, அங்கே இரண்டு ஐந்நூறு என்று கணக்கு. ஆனால் முதலில் வருவது அங்கே இல்லை. பதிகத்துக்கும் மங்கல வாழ்த்துக்கும் நடுவே உரைபெறு கட்டுரை என்று ஒரு சின்ன உரைநடைப் பகுதி உண்டு. பெரும்பாலோர் புரட்டிவிட்டுப் போகும் பக்கம். கண்ணகிக்கும் கோவலனுக்கும் கல்யாணமே ஆவதற்கு முன்னால், சிலம்பு கதைக்குள் வருவதற்கும் முன்னால், அந்த ஆயிரம் பேர் அங்கே செத்துக்கிடக்கிறார்கள்.